அத்தையின் கலர் தண்ணீர் கேமும் அதற்குப் பின்னால் நடக்கும் ஏலமும்

போன மாதம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். "போன்ல சார்ஜே நிக்க மாட்டேங்குது, என்னன்னு பாருப்பா" என்று கையில் கொடுத்தார். அத்தைக்கு 62 வயது. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் போனில் கேம் ஆடுவார், அதுவும் ஒரே ஒரு கேம்தான். கண்ணாடிக் குழாய்களில் பல நிறத் தண்ணீர் அடுக்கடுக்காக நிற்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றி ஊற்றி, ஒவ்வொரு குழாயிலும் ஒரே நிறம் இருக்கும்படி பிரிக்க வேண்டும். அத்தை 388ஆவது லெவலில் இருந்தார். மாட்டிக்கொண்டால் கூடுதலாக ஒரு காலிக் குழாய் தருவார்கள். அதற்கு 30 நொடி விளம்பர வீடியோ பார்க்க வேண்டும்.

எந்த ஆப் பேட்டரியைத் தின்கிறது என்று செட்டிங்ஸில் தேடியபோது கண்ணில் பட்டது: அந்த கேமுக்கு இருப்பிடம் பார்க்கும் அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது. குழாயில் தண்ணீர் ஊற்ற, அத்தை மதுரையில் இருக்கிறாரா மானாமதுரையில் இருக்கிறாரா என்று அதற்கு எதற்குத் தெரிய வேண்டும்?

"அத்தை, இதை நீங்களா ஓகே பண்ணீங்க?"

"மொதல்ல ஒரு பொட்டி வந்துச்சுப்பா. அதை அமுக்குனாத்தானே விளையாட விடுது."

அந்தப் பெட்டியை அமுக்கிய பிறகு என்னென்ன நடக்கிறது என்று அன்று சாயங்காலம் அத்தைக்குச் சொன்னேன். அதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். தொழில்நுட்பம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

காசு எங்கிருந்து வருகிறது

இலவச கேம் என்றாலும் அதைச் செய்தவருக்குச் சம்பளம் உண்டு, சர்வருக்கு வாடகை உண்டு. ஆடுகிறவர்களில் பெரும்பாலானோர் கடைசி வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்க மாட்டார்கள். ஒரு சிறு கூட்டம் மட்டும் நிறையக் கொடுக்கும். கேம் தொழிலில் இவர்களுக்குப் பெயரே 'திமிங்கலம்'. ஆக, நிறுவனத்துக்கு இரண்டு வேலை. காசு கொடுக்காதவர்களை விளம்பரம் பார்க்க வைக்க வேண்டும். யார் திமிங்கலம் ஆவார் என்று சீக்கிரமே கண்டுபிடிக்க வேண்டும். ஆடுகிறவரைப் பற்றித் தெரியாமல் இந்த இரண்டும் நடக்காது.

தெரிந்துகொள்ள இரண்டு வழிகள். ஒன்று, நாமே கொடுப்பது: பெயர், மெயில், பிறந்த தேதி, போன் நம்பர், கார்டு விவரம். இதை எல்லோரும் யோசிப்போம். இன்னொன்று, நம் விரல் கொடுப்பது. எந்த லெவலை எப்போது ஆரம்பித்தோம், எத்தனை நொடி யோசித்தோம், எத்தனை முறை தோற்றோம், எந்த இடத்தில் வெறுத்துப்போய் மூடினோம், மறுபடி எத்தனை மணிக்கு வந்தோம். இப்படி நம் ஆட்டத்தைக் குறித்து அனுப்பும் ஏற்பாட்டுக்கு டெலிமெட்ரி என்று பெயர். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கடைக்காரர் யார் என்ன வாங்குகிறார் என்று கவனிப்பது போலத்தான். ஆனால் இந்தக் கடைக்காரர் எதையும் மறப்பதில்லை, எழுதி வைத்ததை வேறு நாலு கடைக்கும் அனுப்பலாம்.

டெலிமெட்ரியை முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். 212ஆவது லெவலில் பாதிப் பேர் ஆட்டத்தையே விட்டுவிடுகிறார்கள் என்றால் அந்த லெவலில் ஏதோ கோளாறு. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய இந்தக் குறிப்புகள் வேண்டும். ஒரு குறிப்பிட்ட போன் மாடலில் கேம் தானாக மூடிக்கொள்கிறது என்பதும் இப்படித்தான் தெரியவரும். கேள்வி அதற்கு அப்புறம்தான் வருகிறது. அதே குறிப்பு, நாம் மூன்று முறை தோற்று எரிச்சலில் இருக்கும் நிமிடத்தில் "49 ரூபாய்க்கு ஒரு குழாய்" என்று கண் முன்னே நீட்டவும் பயன்படும். 2017இல் ஆக்டிவிஷன் என்ற கேம் நிறுவனத்துக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கிடைத்தது. யாரை யாரோடு மோதவிட்டால் ஒருவர் கேமுக்குள் பொருள் வாங்க ஆசைப்படுவார் என்று பார்த்து ஆட்களை ஜோடி சேர்க்கும் முறை அது. உதாரணமாக, நல்ல துப்பாக்கி வாங்கி வைத்திருப்பவரோடு அது இல்லாத புது ஆளைக் கோர்த்துவிடுவது. இதை எந்த கேமிலும் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் சொன்னது. சரி, பயன்படுத்தவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படி ஒன்றை உட்கார்ந்து யோசித்து, எழுதிக் காப்புரிமையும் வாங்கினார்கள் என்பது போதும், இந்தத் தொழிலில் ஆட்டக் குறிப்புகளை எந்தக் கண்ணோடு பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள.

இது ஓசி கேமில் மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். 2025 ஏப்ரலில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த 'நோய்ப்' என்ற தனியுரிமை அமைப்பு, பிரான்ஸின் கேம் நிறுவனமான யூபிசாஃப்ட் மீது புகார் கொடுத்தது. அந்த நிறுவனத்தின் ஃபார் க்ரை பிரைமல் என்பது காசு கொடுத்து வாங்கும் கேம். தனியாக ஆடுவது, எதிராளியோ கூட்டாளியோ இணையத்தில் கிடையாது. ஆனாலும் இணைய இணைப்பும் யூபிசாஃப்ட் கணக்கும் இல்லாமல் அதை ஆரம்பிக்கவே முடியவில்லை. 10 நிமிடம் ஆடிப் பார்த்ததில் அந்த கேம் வெளி சர்வர்களை 150 முறை தொடர்பு கொண்டிருந்தது என்றும், கூகுள், அமேசான், டேட்டாடாக் ஆகிய நிறுவனங்களுக்கும் விவரங்கள் போயின என்றும் புகார் சொல்கிறது. காசும் கொடுத்து, தன் வீட்டில் தனியாக உட்கார்ந்து ஆடுகிறவருக்கு இந்த நிலைமை.

வீடியோவை அமுக்கிய அந்த நொடி

இனி அத்தையின் 30 நொடி வீடியோவுக்கு வருவோம். எனக்கு இதில் மிகவும் கவலை தரும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

முதலில் ஒரு விஷயம். அந்த கேமைச் செய்தவர் விளம்பரக்காரர்களைத் தேடிப் போவதில்லை. விளம்பர நிறுவனங்கள் எழுதித் தரும் ஒரு நிரல் துண்டை எடுத்துத் தன் கேமுக்குள் ஒட்டிக்கொள்கிறார். இதை எஸ்டிகே என்பார்கள். ஒரே கேமில் இப்படி ஐந்தாறு நிறுவனங்களின் துண்டுகள் இருப்பது சாதாரணம். நாம் அனுமதி கொடுத்தது கேமுக்கு என்று நினைக்கிறோம். கேமுக்குள் குடியிருக்கும் இந்தத் துண்டுகளும் அதே அனுமதியில்தான் வேலை செய்கின்றன. வாடகைக்கு விட்ட வீட்டில் உள்வாடகைக்கு இன்னும் ஐந்து குடும்பம் இருப்பது மாதிரி.

இன்னொரு விஷயம் விளம்பர ஐடி. ஆண்ட்ராய்டு போனில் கூகுள் ஒரு நீளமான குறியை வைத்திருக்கிறது. 32 எழுத்தும் எண்ணும் கலந்து, நடுநடுவே கோடு போட்டது. ஐபோனில் ஆப்பிள் வைத்த குறி ஒன்று இருக்கிறது. அதில் நம் பெயர் இல்லை. ஆனால் நம் போனில் உள்ள வெவ்வேறு ஆப்கள் அதே குறியைப் பார்க்க முடியும். காலையில் செய்தி ஆப், மத்தியானம் கேம், ராத்திரி ஷாப்பிங் ஆப். மூன்றிலும் இருப்பது ஒரே ஆள் என்று முடிச்சுப் போட இந்தக் குறி போதும்.

இப்போது அத்தை 'வீடியோ பார்' பட்டனை அமுக்குகிறார். கேமுக்குள் இருக்கும் துண்டு ஒரு ஏலச் சந்தைக்குச் செய்தி அனுப்புகிறது. "ஒரு விளம்பர இடம் காலி. கேம் இன்னது. போன் இந்த மாடல், ஆண்ட்ராய்டு இந்த வெர்ஷன், மொழி தமிழ், நெட்வொர்க் இன்னது, ஐபி முகவரி (இணையத்தில் நம் இணைப்புக்கான எண்) இன்னது, விளம்பர ஐடி இன்னது." இருப்பிட அனுமதி இருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகையும் சேர்ந்து போகலாம். சந்தை அந்தச் செய்தியைப் பல வாங்குநர்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பும். அவர்களின் கணினிகள் விலை சொல்லும். அதிக விலை சொன்னவரின் வீடியோ ஓடும். இதெல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். பட்டனை அமுக்கியதும் ஒரு வட்டம் சுற்றுமே, அந்த நேரத்தில்.

ஏலத்தில் ஜெயிப்பவர் ஒருவர்தான். ஆனால் செய்தி எல்லோருக்கும் போய்விட்டது. தோற்றவர்களும் அத்தையின் குறியையும் இருப்பிடத்தையும் பார்த்துவிட்டார்கள். சந்தையின் விதிகள் அதைச் சேர்த்து வைக்கக் கூடாது என்று சொல்லலாம். சேர்த்து வைத்தால் யார் கண்டுபிடிப்பது? விளம்பரம் போடும் எண்ணமே இல்லாமல், இந்தச் செய்திகளைச் சேகரிப்பதற்காகவே சந்தைக்கு வருகிற நிறுவனங்கள் உண்டு.

அப்படிச் சேர்ந்த தரவு எங்கே போகிறது என்று ஓரளவு வெளியே தெரிந்தது 2025 ஜனவரியில். அமெரிக்காவில் கிரேவி அனலிடிக்ஸ் என்று ஒரு நிறுவனம், இருப்பிடத் தரவை விற்பதுதான் தொழில். ஹேக்கர்கள் அதற்குள் புகுந்து எடுத்ததில் ஒரு பகுதியை வெளியிட்டார்கள். எந்தெந்த ஆப் வழியாக இருப்பிடம் வந்தது என்ற பட்டியல் அதில் இருந்தது. ஆயிரக்கணக்கான ஆப்கள். கேண்டி க்ரஷ், டெம்பிள் ரன், சப்வே சர்ஃபர்ஸ் எல்லாம் அதில் இருந்தன. நம் வீட்டுப் பிள்ளைகள் கையில் போன் கிடைத்ததும் திறக்கும் கேம்கள். பட்டியலில் இருந்த சில ஆப் நிறுவனங்கள், கிரேவியோடு எங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்றன. அது உண்மையாகவே இருக்கலாம். ஏலச் செய்தியிலிருந்து எடுத்திருந்தால் கேமைச் செய்தவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. அதற்கு ஒரு மாதம் முன்புதான் வாடிக்கையாளர்களை ஏமாற்றும் வணிகத்தைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன், மருத்துவமனைக்கும் வழிபாட்டு இடங்களுக்கும் மக்கள் போய்வருவதைக் காட்டும் இருப்பிடத் தரவை ஒப்புதல் இல்லாமல் விற்றதாக இதே கிரேவி மீதும் அதன் துணை நிறுவனமான வென்டெல் மீதும் நடவடிக்கை எடுத்திருந்தது. வென்டெலின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க அரசுத் துறைகளும் உண்டு.

"என் பேரு அதுல இல்லைன்னு சொன்னியே, அப்புறம் என்ன?" என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு குறி தினமும் ராத்திரி 10 மணி முதல் காலை 6 வரை ஒரே இடத்தில் இருக்கிறது என்றால் அது வீடு. பகலில் போகும் இடம் வேலை. வெள்ளிக்கிழமை போகும் இடம் கோவிலோ பள்ளிவாசலோ. மாதத்துக்கு இரண்டு முறை போகும் இடம் ஆஸ்பத்திரி. இந்த நான்கும் ஒன்றாக அமைந்த ஆள் ஊரில் ஒருவர்தான் இருப்பார். பெயர் எழுதாவிட்டாலும் ஆளைக் காட்டிவிடும்.

பிள்ளைகள் விஷயத்தில் என்ன நடந்தது

அமெரிக்காவில் 13 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் தரவைப் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் இணையச் சேவைகள் சேகரிக்கக் கூடாது என்று 1998லேயே சட்டம் வந்துவிட்டது. கோப்பா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் கேம் நிறுவனம் ஒன்று மாட்டிய மிகப் பெரிய வழக்கு, ஃபோர்ட்நைட் கேமைச் செய்த எபிக் கேம்ஸ் மீது வந்தது.

2022 டிசம்பரில் ஃபெடரல் டிரேட் கமிஷன் அறிவித்தபடி எபிக் கொடுக்க ஒப்புக்கொண்டது மொத்தம் 52 கோடி டாலர். அதில் 27.5 கோடி டாலர் குழந்தைகளின் தனியுரிமை மீறலுக்கான அபராதம். மீதி 24.5 கோடி, பட்டன்களைக் குழப்பும் விதமாக வைத்து ஆட்களை வாங்க வைத்ததற்காக ஆடியவர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய பணம். பணத்தொகையை விட எனக்கு உறைத்தது குற்றச்சாட்டின் விவரம். ஃபோர்ட்நைட்டில் குரல் பேச்சும் எழுத்து அரட்டையும் ஆரம்பத்திலேயே ஆன் ஆகி இருந்தன. எட்டு வயதுப் பிள்ளை உள்ளே நுழைந்ததும் முன்பின் தெரியாத பெரியவர்களோடு நேரடியாகப் பேசும் நிலை. பிள்ளைகள் மிரட்டலுக்கும் துன்புறுத்தலுக்கும் ஆளானார்கள் என்கிறது கமிஷன். இதை அணைத்து வையுங்கள் என்று நிறுவனத்துக்குள்ளேயே ஊழியர்கள் 2017இலேயே சொல்லியிருக்கிறார்கள். பிறகு அணைக்கும் பட்டன் வந்தது. அதையும் சுலபமாகக் கண்ணில் படாத இடத்தில் வைத்திருந்தார்கள். பிள்ளையின் தரவை அழித்துவிடுங்கள் என்று கேட்ட பெற்றோரை அலைய விட்டிருக்கிறார்கள், சில சமயம் கேட்டும் அழிக்கவில்லை.

செட்டிங் ஒன்று ஆரம்பத்தில் ஆன் ஆக இருக்கிறதா, ஆஃப் ஆக இருக்கிறதா என்பது சின்ன விஷயமாகத் தெரியும். நிறையப் பேர் செட்டிங்ஸ் பக்கத்தை வாழ்நாளில் திறப்பதே இல்லை. அவர்களுக்கு ஆரம்ப நிலைதான் இறுதி நிலை. அதனால்தான் எபிக் மீதான உத்தரவே, பிள்ளைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் அரட்டை தானாகவே அணைந்திருக்க வேண்டும் என்று சொன்னது.

எபிக் மட்டும் இதில் இல்லை. எக்ஸ்பாக்ஸ் என்ற கேம் மெஷினில் பிள்ளைகள் கணக்குத் தொடங்கும்போது கொடுத்த விவரங்களை, பெற்றோர் அந்த வேலையை முடிக்காமல் பாதியில் விட்ட பிறகும், சில நேரம் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்ததற்காக மைக்ரோசாஃப்ட் 2023இல் 2 கோடி டாலர் கட்டியது. கென்ஷின் இம்பேக்ட் என்ற கேமின் நிறுவனமும் 2025 ஜனவரியில் அதே தொகைக்கு ஒப்புக்கொண்டது.

வேண்டாம் என்று அமுக்கினால்?

ஐபோன் வைத்திருப்பவர்கள் ஒரு பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். இந்த ஆப் உங்களைப் பின்தொடரலாமா என்று கேட்கும். ஆப்பிள் இதை 2021 ஏப்ரலில் கொண்டுவந்தது. வேண்டாம் என்றால் விளம்பரக் குறி அந்த ஆப்புக்குக் கிடைக்காது. நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் பாருங்கள், வூடூ என்று ஒரு பிரெஞ்சு நிறுவனம். இரண்டு நிமிடத்தில் ஆடி முடிக்கும் சின்னச் சின்ன இலவச கேம்களுக்குப் பெயர் பெற்றது. ஆப்பிளின் பெட்டியில் வேண்டாம் என்று அமுக்கியவர்களுக்கு வூடூ தன் சார்பில் இன்னொரு பக்கத்தைக் காட்டி, உங்களைப் பின்தொடரும் வசதி அணைக்கப்பட்டுவிட்டது என்று சொன்னது. அப்படிச் சொல்லிவிட்டு வேறொரு குறியை எடுத்துக்கொண்டது. ஒரே நிறுவனத்தின் ஆப்களுக்குள் மட்டும் பயன்படுத்த ஆப்பிள் தரும் குறி அது. விளம்பர வேலைக்கு அதை வைத்து ஆட்டத்தைக் கவனித்ததற்காக, பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு அமைப்பான சிஎன்ஐஎல் 30 லட்சம் யூரோ அபராதம் போட்டது. 2023 ஜனவரியில் இது வெளியானது. வேண்டாம் என்று தெளிவாகச் சொன்ன ஒருவரிடம், சரி என்று பதில் சொல்லிவிட்டுப் பின்னால் செய்த வேலை இது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

நடந்ததும் திரும்பியதும்கூடத் தரவுதான்

2016 ஜூலையில் போகிமான் கோ வந்தபோது ஊரே தெருவில் இறங்கி நடந்தது ஞாபகம் இருக்கலாம். போன் கேமராவில் தெரியும் பொம்மை உருவங்களைப் பிடிக்க உண்மையான தெருவில் உண்மையாகவே நடக்க வேண்டும். நல்ல யோசனை, எத்தனையோ பேரை வீட்டை விட்டு வெளியே கொண்டுவந்தது. அதன் வருமானத்தில் ஒரு பகுதி எப்படி வந்தது தெரியுமா? ஜப்பானில் சுமார் 3,000 மெக்டொனால்ட்ஸ் கடைகள் கேமுக்குள் முக்கியமான இடங்களாக ஆக்கப்பட்டன. இப்படி ஸ்பான்சர் செய்யும் கடைகள், கேம் வழியாக எத்தனை பேர் கடைக்கு வந்தார்கள் என்று கணக்குப் பார்த்து, கேமைச் செய்த நயான்டிக் நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தன. இணைய விளம்பரத்தில் கிளிக்குக்குக் காசு என்பார்கள். இங்கே கால் வைத்ததற்குக் காசு.

அதோடு முடியவில்லை. ஒரு சிலையையோ கட்டடத்தையோ கேமராவால் சுற்றிப் படம்பிடித்து அனுப்பினால் கேமுக்குள் பரிசு கொடுத்தார்கள். 2024 நவம்பரில் நயான்டிக், இப்படி வந்த ஸ்கேன்களைக் கொண்டு உலகத்தின் இடங்களைப் புரிந்துகொள்ளும் செயற்கை நுண்ணறிவு மாதிரி ஒன்றை உருவாக்குவதாகச் சொன்னது. சும்மா நடந்து ஆடினால் அது சேராது, விரும்பி ஸ்கேன் செய்தால்தான் என்றும் சொன்னது. அடுத்த ஆண்டு மார்ச்சில் கேம் தொழிலை 350 கோடி டாலருக்கு ஸ்கோப்லி நிறுவனத்துக்கு விற்பதாக அறிவித்தது. ஸ்கோப்லியின் சொந்தக்காரர் சவூதி அரசின் முதலீட்டு நிதிக்குச் சொந்தமான சாவி கேம்ஸ். வரைபடம் சார்ந்த வேலை நயான்டிக் ஸ்பேஷியல் என்று தனி நிறுவனமாகப் பிரிந்தது. 2016இல் பரீட்சை முடிந்த லீவில் ஆசையாகக் கணக்குத் தொடங்கிய ஒரு பையன், ஒன்பது வருடம் கழித்துத் தன் கணக்கு யார் கைக்குப் போகும் என்று நினைத்திருப்பானா? நாம் ஒப்புதல் கொடுப்பது ஒரு நிறுவனத்துக்கு. நிறுவனம் கைமாறினால் தரவும் சீர்வரிசை மாதிரி கூடவே போகிறது.

கண்ணை மூடும் திரைக்கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டு ஆடும் விஆர் (மெய்நிகர்) கேம்களில் இது இன்னும் நெருக்கமாகிறது. பீட் சேபர் என்ற கேமில் பாட்டுக்கு ஏற்ப வரும் கட்டைகளைக் கை வீசி வெட்ட வேண்டும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், 50,000க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களின் தலை, கை அசைவுகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். முகம் கிடையாது, பெயர் கிடையாது. ஒருவர் 100 நொடி ஆடிய அசைவைப் பார்த்து, அது அத்தனை பேரில் யார் என்று 94 சதவீதம் சரியாகச் சொன்னது அவர்களின் நிரல். தூரத்தில் வரும்போதே நடையை வைத்து நம் ஆளைக் கண்டுபிடிப்போமே, அது போல. ஆனால் 50,000 பேரில்.

சேர்த்து வைத்தது என்றாவது கசியும்

நல்ல எண்ணத்தோடு சேர்த்தாலும் இன்னொரு ஆபத்து பாக்கி இருக்கிறது. 2011 ஏப்ரலில் சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் என்ற கேம் சேவையில் ஹேக்கர்கள் புகுந்தபோது 7.7 கோடி கணக்குகளின் விவரங்கள் ஆபத்துக்கு உள்ளாயின. மூன்று வாரத்துக்கும் மேல் சேவையே நின்றது. அதைவிட அண்மைக்காலச் சம்பவம் ஒன்று. கேம் ஆடுகிறவர்கள் பேசிக்கொள்ளும் டிஸ்கார்டில், வயதை நிரூபிக்க ஆட்கள் அரசு அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். வாடிக்கையாளர் சேவையைக் கவனித்த வெளி நிறுவனம் வழியாகச் சுமார் 70,000 பேரின் அட்டைப் படங்கள் வெளியே போயிருக்கலாம் என்று 2025 அக்டோபரில் டிஸ்கார்ட் சொன்னது. பிள்ளைகளைக் காப்பாற்ற வயதைச் சரிபார்க்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. சரிபார்க்க இன்னும் அதிகத் தரவு கேட்கிறார்கள். அந்த அட்டைப் படத்தைப் பார்த்து முடித்ததும் உடனே அழித்துவிட வேண்டும் என்பதையும் அதே கண்டிப்போடு கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

நம் ஊர் நிலைமை

இந்தியாவில் 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் உட்பட 118 ஆப்கள் தடை செய்யப்பட்டன. பயனர்களின் தரவு நாட்டுக்கு வெளியே உள்ள சர்வர்களுக்கு அனுமதியில்லாமல் போகிறது என்ற புகார்களை அரசு காரணமாகக் காட்டியது. அடுத்த ஆண்டு ஜூலையில் தென்கொரியாவின் க்ராஃப்டன் நிறுவனம் பப்ஜியையே பிஜிஎம்ஐ என்ற பெயரில் கொண்டுவந்தது. 2022 ஜூலையில் அது ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பி வந்தது. எந்த நாட்டு சர்வருக்குத் தரவு போகிறது என்பது முக்கியமான கேள்விதான். ஆனால் அத்தையின் கேமுக்குள் நடந்த ஏலம் மாதிரியானவற்றை அந்தத் தடை தொடவே இல்லை.

அதைத் தொடக்கூடியது 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். இதில் குழந்தை என்றால் 18 வயதுக்கு உட்பட்டவர். அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், அது சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். பிள்ளைகளின் நடத்தையைப் பின்தொடர்வதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நிறுவனங்கள் செய்ய வேண்டிய முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். 12 வயதுப் பிள்ளையின் ஆட்டத்தைக் குறித்து வைக்கும் வேலைக்கு அதுவரை காத்திருக்கச் சொல்ல முடியாது. அதனால் இப்போதைக்கு நம் கையில் இருப்பதைச் செய்ய வேண்டியிருக்கிறது.

அத்தை போனில் நாங்கள் செய்தது இதுதான். முதலில் அந்த கேமின் இருப்பிட அனுமதியை எடுத்தோம். கேம் எந்தச் சண்டையும் போடாமல் அப்படியே ஓடியது. அப்புறம் செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் ஆட்ஸ் என்ற இடத்துக்குப் போய் விளம்பர ஐடியை அழித்தோம். சில போன்களில் இது கூகுள் என்ற தலைப்புக்குள் இருக்கும். அழித்துவிட்டால் ஆப்கள் அந்தக் குறியைக் கேட்கும்போது வெறும் பூஜ்ஜியங்கள்தான் கிடைக்கும். ஐபோனில் பிரைவசிக்குள் டிராக்கிங் என்பதை அணைத்தால் எந்த ஆப்பும் கேட்கக்கூட முடியாது. வூடூ செய்தது போல வேறு குறியைத் தேடுகிறவர்களை இது தடுக்காது, ஐபி முகவரியையும் மறைக்காது. ஆனால் ஆப்களுக்கு நடுவே முடிச்சுப் போடும் பெரிய கயிறு அறுந்துவிடும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதோடு இன்னொன்றும் பாருங்கள்: அவர்கள் ஆடும் கேமில் குரல் பேச்சு ஆன் ஆகி இருக்கிறதா, மைக் அனுமதி இருக்கிறதா என்று. கணக்கில் பிறந்த வருடம் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பிள்ளைகள் உள்ளே நுழைவதற்காகப் பெரியவர் மாதிரி வருடம் போடுவார்கள். போட்டுவிட்டால் குழந்தைக்கான எந்தப் பாதுகாப்பும் அந்தக் கணக்குக்குக் கிடைக்காது. எனக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பிடித்துப்போன கேமுக்கு விளம்பரமில்லாத காசுப் பதிப்பு இருந்தால் வாங்கிவிடுவேன். டெலிமெட்ரி போகாது என்று சொல்ல முடியாது, ஆனால் வீடியோவுக்கான ஏலம் பெரும்பாலும் நின்றுவிடும்.

அத்தை இதையெல்லாம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்: "இனிமே போகாது, சரி. ஒன்றரை வருசமா போனது எங்க இருக்கு?"

கேமின் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தைத் திறந்தோம். ஆங்கிலத்தில் நீண்டுகொண்டே போனது. கிட்டத்தட்ட அடியில் ஒரு மெயில் முகவரி இருந்தது. தன்னைப் பற்றிச் சேர்த்த எல்லாவற்றையும் அழித்துவிடும்படி அத்தை தானே தட்டச்சு செய்து அனுப்பினார், கீழே பெயரும் போட்டு. 11 நாள் கழித்துப் பதில் வந்தது. கோரிக்கையைப் பரிசீலிக்க, அரசு வழங்கிய அடையாள அட்டையின் படமும் கேமுக்குள் இருக்கும் பிளேயர் ஐடியும் வேண்டுமாம்.

அத்தை எனக்கு போன் செய்தார். "என் பேரே அவங்களுக்குத் தெரியாதுன்னு சொன்ன. இப்ப அழிக்கணும்னா ஆதாரைக் கேக்கறாங்க. நான் குடுக்க மாட்டேன்ப்பா."

கொடுக்க வேண்டாம் என்றுதான் நானும் சொன்னேன். பிளேயர் ஐடியை மட்டும் அனுப்பி, அது போதாது என்றால் ஏன் போதாது என்று எழுத்தில் சொல்லும்படி கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.